தரவுப் பாதுகாப்பு மென்பொருளின் குயிக்ஸ்டார்ட் பக்கத்தைச் சீர்செய்வது எப்படி?

திறந்த மூலத் தரவுப் பாதுகாப்பு மென்பொருள் எதுவாயினும், அதை முதன்முதலில் தொடுபவர் படிப்பது, சில கட்டளைகளிலேயே அதை ஓட்டிப் பார்க்க வழிகாட்டும் குயிக்ஸ்டார்ட் பக்கத்தைத்தான். கட்டமைப்பு விளக்கங்களும் கட்டளைத் தொகுப்புகளும் பிற்பாடு தேவைப்பட்டால் புரட்டப்படும். மதுரையில் அப்படித் தொடுபவர் யாரென்று பார்த்தால், இலந்தைக்குளம் எல்காட் பூங்காவிலோ வடபழஞ்சியிலோ ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம் நிரலராக இருக்கலாம். தெற்கு மாசி வீதி ஜவுளி மொத்தக் கடையொன்றின் கணினி விவகாரம் அனைத்தையும் தனியாளாகக் கவனிப்பவராக இருக்கலாம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஏதேனும் ஒன்றை நிறுவிக் காட்ட வேண்டிய பொறியியல் மாணவராகவும் இருக்கலாம். இவர்களுள் எவரும் மறையாக்க (என்கிரிப்ஷன்) வல்லுநர் அல்லர். இவர்களிடம் இருப்பது ஒரு மாலைப் பொழுதும் ஒரு மடிக்கணினியும் மட்டுமே. அந்த மாலையில் நகலெடுத்து ஒட்டிய கட்டளைகளே, சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் சர்வரிலும் அச்சு அசலாக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இத்தகைய பக்கத்தைச் சீர்செய்ய முன்வருபவர் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர் எங்கும் சிக்கிக்கொள்ளாமல் கடைசி வரியை எட்டுகிறாரா என்பது ஒன்று. எட்டியவரின் கையில் தங்கிவிடும் பழக்கம் பாதுகாப்பானதா என்பது மற்றொன்று. வேறு வகை மென்பொருளுக்கு முதல் கேள்வி ஒன்றே போதும். தரவைக் காக்கும் மென்பொருளுக்கு இரண்டாவது கேள்விதான் கனமானது.

பொதுப்படப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், இக்கட்டுரை முழுவதும் ஓப்பன்பாவ் என்ற மென்பொருளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கடவுச்சொற்கள், செயலிகள் ஒன்றையொன்று அணுகப் பயன்படுத்தும் ஏபிஐ சாவிகள் போன்ற ரகசியங்களைச் சேமிக்கவும், பிற செயலிகள் அனுப்பும் தரவை மறையாக்கித் திருப்பித் தரவும் அது பயன்படுகிறது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் இதே வேலையைச் செய்யும் தன் வால்ட் மென்பொருளின் உரிமத்தை மாற்றியதைத் தொடர்ந்து, பழைய உரிமத்தில் இருந்த மூலநிரலிலிருந்து கிளைத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் வளர்ந்து வருவது அது. இங்கே சொல்லப்படுபவை அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியவை அல்ல.

முதலில் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள்

பக்கத்தைத் திருத்த உட்காருவதற்கு முன், அதை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, அவர் அருகில் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பதே செய்ய வேண்டிய முதல் வேலை. மென்பொருளை ஏற்கெனவே அறிந்தவர் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் அதிலுள்ள பள்ளங்கள் அவர் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் விடுபட்டதை அவருடைய கை தானாகவே நிரப்பிவிடுகிறது.

திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஒரு மாணவர் இவ்வாறு உட்கார்ந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சோதித்துப் பார்ப்பதற்கான டெவ் மோடில் ஓப்பன்பாவ் சர்வரைத் தொடங்கும் கட்டளையை அவர் இட்டார்; திரை முழுவதும் வரிகள் ஓடி, நுழைவுச் சாவியான வேர் டோக்கனும் அச்சாகி நின்றது. அடுத்த கட்டளையையும் அதே டெர்மினலில் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. சர்வர் அந்த டெர்மினலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர் எப்படி அறிவார்? கண்ட்ரோல்-சி அழுத்தினார், சர்வர் நின்றது. மறுபடி தொடங்கி, இம்முறை வேறொரு டெர்மினலைத் திறந்து கட்டளையை இட்டதும், “அண்ணே, எச்டிடிபிஎஸ் கேட்டா எச்டிடிபில பதில் வருதுன்னு ஏதோ சொல்லுதுண்ணே, நம்ம நெட்டு சரியில்லையோ?” என்று கேட்டார். இணையத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கட்டளைவரிக் கருவி இயல்பாகத் தேடும் முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குவது. டெவ் மோடில் ஓடும் சர்வரோ 127.0.0.1:8200 என்ற முகவரியில், மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் பதில் சொல்வது. சரியான முகவரியைச் சூழல் மாறியில் (கட்டளைகள் எடுத்துப் படிக்கும் அமைப்பு மதிப்பில்) வைக்கச் சொல்லும் வரியைச் சர்வரே திரையில் அச்சிட்டிருந்தது. ஆனால் அது ஓடிப்போன வரிகளுக்கு நடுவே, முதல் டெர்மினலில் கிடந்தது.

இப்படி ஒருவர் நின்ற இடம் ஒவ்வொன்றையும், அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். “முகவரி அமைப்பு தெளிவாக இல்லை” என்று எழுதி வைப்பதைவிட, “நெட்டு சரியில்லையோ என்று கேட்டார்” என்று எழுதி வைப்பது பயனுள்ளது, ஏனெனில் புதியவர் எந்தத் திசையில் தவறாகத் தேடப் போவார் என்பதை அது காட்டிவிடுகிறது. அவர் கேட்கும்போது பதில் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. நம் ஊர்ப் பழக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சும்மா இருப்பது அரிது.

எங்கிருந்து, எதுவரை

பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டே செய்திகள் இருந்தால் போதும்: முடிவில் வாசகர் தம் கண்ணால் எதைக் காண்பார், தொடங்குமுன் அவரிடம் என்ன இருக்க வேண்டும். “நவீன, விரிவாக்கத்தக்க பாதுகாப்புத் தளம்” என்ற வகை வாசகங்களை முகப்புப் பக்கத்துக்கு விட்டுவிடலாம். “ஒரு வாடிக்கையாளரின் பெயரை மறையாக்கி, மறையாக்கப்பட்ட வடிவத்தைப் பார்த்து, மீண்டும் பெயராக மாற்றுவீர்கள்” என்று எழுதினால், அந்தப் பக்கம் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை வாசகர் அப்போதே முடிவுசெய்துகொள்வார்.

தொடங்கும் இடத்தைச் சொல்லாத பக்கம், மாட்டுத்தாவணியில் வந்து இறங்கியவருக்குப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து வழி சொல்வதைப் போன்றது. சொல்லும் திருப்பங்கள் எல்லாம் சரியாக இருந்தும் கேட்பவர் கோயிலுக்குப் போய்ச் சேரமாட்டார். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், எவ்வளவு பதிவிறக்கம் ஆகியவற்றை முதலிலேயே எண்ணாகச் சொல்ல வேண்டும். வாசூ என்ற திறந்த மூலப் பாதுகாப்புத் தளத்தின் குயிக்ஸ்டார்ட், 25 ஏஜென்டுகள் (கண்காணிக்கப்படும் கணினிகளில் நிறுவும் சிறு நிரல்கள்) வரை கண்காணிக்க 4 மெய்நிகர் சிபியு, 8 ஜிபி நினைவகம், 50 ஜிபி வட்டு இடம் தேவை என்று தொடக்கத்திலேயே அட்டவணை போட்டுச் சொல்லிவிடுகிறது. 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவர் அதைப் பார்த்ததும் நண்பரின் கணினியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த அட்டவணை இல்லையென்றால், பாதி நிறுவலில் கணினி திணறி நிற்கும்போது, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து விலகிப்போவார். பதிவிறக்க அளவும் அப்படியே. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைய டேட்டாவை வைத்துக்கொண்டு மென்பொருளைத் தயார்நிலைப் பொதியாகத் தரும் டாக்கர் பிம்பத்தை இறக்குபவருக்கு அது சில்லறைச் செய்தி அன்று.

கட்டளைக்குக் கீழே விடையும் வேண்டும்

ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, அது சரியாக ஓடினால் திரையில் என்ன தோன்றும் என்பதை எழுத்தாகவே தர வேண்டும். திரைப்பிடிப்புப் படங்கள் வேண்டாம். அடுத்த பதிப்பிலேயே அவை பழசாகிவிடும், அவற்றிலிருந்து நகலெடுக்கவும் முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அவற்றைப் படிப்பதும் இல்லை. கட்டளை வரியின் முன்னால் டாலர் குறியைப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம், ஏனெனில் புதியவர் அதையும் சேர்த்தே நகலெடுப்பார். விண்டோஸில் பவர்ஷெல் பயன்படுத்துபவருக்குச் சூழல் மாறியை அமைக்கும் முறை வேறு என்பதால், அந்தக் கட்டளையை லினக்ஸ் கட்டளையின் அருகிலேயே தர வேண்டும். நம் கல்லூரி ஆய்வகங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்கள் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள்.

மறையாக்கும் படிக்கு வருவோம். ஓப்பன்பாவின் டிரான்சிட் என்ற பகுதி, அனுப்பப்படும் தரவைச் சேமித்து வைப்பதில்லை. மறையாக்கித் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் மூல உரையை, எந்தத் தரவையும் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகளால் எழுதும் பேஸ்64 வடிவத்தில்தான் அது எதிர்பார்க்கிறது. தமிழ்ப் பெயரை அப்படியே அனுப்பினால், பேஸ்64 தரவு செல்லாது என்ற பொருளில் ஒரு பிழை வரும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளிலேயே இருப்பதால், ஆங்கிலம் அல்லாத தரவில் என்ன ஆகும் என்று பல பக்கங்கள் சோதிப்பதே இல்லை. நம் தரவில் மீனாட்சி இல்லாத வாடிக்கையாளர் பட்டியல் ஏது?

‘மீனாட்சி’ என்ற பெயர் எழுத்தாக எண்ணினால் நான்கு; உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடில் எட்டுக் குறியீட்டுப் புள்ளிகள்; அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் வீதம் 24 பைட்டுகள்; பேஸ்64 ஆக்கினால் சரியாக 32 குறிகள். இப்போது லினக்ஸில் எக்கோ கட்டளையால் பெயரை அனுப்பினால், அது இறுதியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். 25 பைட்டுகள் ஆகி, விடை 36 குறிகளாக நீளும். மறையாக்கம் நடக்கும், மறைநீக்கமும் நடக்கும், திரையில் பெயரும் சரியாகவே தெரியும். ஆனால் தரவுதளத்தில் உள்ள பெயரோடு ஒப்பிடும்போது மட்டும் இரண்டும் பொருந்தாது. அதேபோல் பவர்ஷெல்லில் பலரும் கையாளும் ‘யூனிகோட்’ என்ற குறிமுறை உண்மையில் யுடிஎஃப்-16; அதில் இதே பெயர் 16 பைட்டுகளாகி 24 குறிகளாக வரும், அதை வேறொரு செயலி யுடிஎஃப்-8 என்று எண்ணித் திறந்தால் குப்பையாகத் தெரியும். ஆகவே எடுத்துக்காட்டில் ஒரு தமிழ்ப் பெயரைச் சேர்த்து, “உங்கள் பேஸ்64 விடை 32 குறிகள் இருக்க வேண்டும், 36 இருந்தால் புதுவரி சேர்ந்துவிட்டது, 24 இருந்தால் குறிமுறை மாறிவிட்டது” என்று ஒரு வரி எழுதினால், தமிழருக்கு மட்டுமன்றித் தாய்லாந்துக்காரருக்கும் அரபு வாசகருக்கும் தத்தம் பெயரில் இதே சோதனையைச் செய்து பார்க்கும் வழி கிடைக்கும்.

மாதிரித் தரவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணையோ பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணையோ மனம்போன போக்கில் தட்டிவைத்தால், அது யாரோ ஒருவருடையதாக இருந்துவிடக்கூடும். ஆதார் எண் 0 அல்லது 1 என்ற இலக்கத்தில் தொடங்குவதில்லை. இந்தியக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்திலேயே தொடங்குகின்றன. எனவே 0 இல் தொடங்கும் எண்ணை மாதிரியாகக் கொடுத்தால் எவருக்கும் தொல்லை இல்லை. கடையின் உண்மையான பட்டியலிலிருந்து பத்து வரிகளை எடுத்துச் சோதிக்கலாம் என்ற எண்ணமே வாசகருக்கு எழாதபடி, மாதிரிக் கோப்பு ஒன்றைப் பக்கத்துடனேயே தந்துவிட வேண்டும்.

குறுக்குவழியைக் குறுக்குவழி என்றே சொல்லுங்கள்

குயிக்ஸ்டார்ட் என்றால் குறுக்குவழிகள் இருக்கத்தான் செய்யும். டெவ் மோடில் தரவு நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது, இணைப்பு மறையாக்கப்படுவதில்லை, சேமித்த தரவைக் காக்கும் பூட்டு தானாகத் திறந்துகொள்கிறது, எல்லா அதிகாரமும் கொண்ட வேர் டோக்கன் கையில் கிடைக்கிறது. இவற்றில் தவறில்லை. பக்கத்தின் அடியில் “இதை உற்பத்திச் சூழலில் (உண்மைப் பயன்பாட்டில்) பயன்படுத்த வேண்டாம்” என்று ஒரு மஞ்சள் பெட்டியில் எழுதிவிட்டுப் பொறுப்பு முடிந்ததாக நினைப்பதுதான் தவறு. அந்தப் பெட்டியை எவரும் படிப்பதில்லை. படித்தாலும் எது ஆபத்து, ஏன் ஆபத்து என்பது அதில் இல்லை. எச்சரிக்கை அந்தந்தக் கட்டளையின் அருகிலேயே, அதன் காரணத்தோடும் மாற்றுவழியோடும் இருக்க வேண்டும்.

கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லைத் தட்டிச் சேமிக்கச் சொல்லும் எடுத்துக்காட்டை முதலில் பாருங்கள். அப்படித் தட்டிய கடவுச்சொல் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் வெறும் எழுத்தாகத் தங்கிவிடுகிறது. ரகசியத்தைக் காக்கும் மென்பொருளின் முதல் பாடத்திலேயே ரகசியம் கசிவது நல்ல தொடக்கம் ஆகாது. மதிப்பைக் கோப்பிலிருந்தோ உள்ளீட்டிலிருந்தோ படிக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. எடுத்துக்காட்டை அதற்கு மாற்றினால் ஒரு வரிதான் கூடும்.

இதைவிடப் பெரியது டாக்கர் கட்டளை. சர்வர் பதில் சொல்லும் வாயிலான 8200 போர்ட்டை வெளியே திறக்கச் சொல்லும் வழக்கமான எழுத்துமுறை, அந்தப் போர்ட்டைக் கணினியின் எல்லா வலை இடைமுகங்களிலும் திறந்துவிடுகிறது. லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ தீச்சுவரை இயக்கி வைத்திருப்பவர்கூட அது தடுத்துவிடும் என்று நம்பி ஏமாறுவார், ஏனெனில் டாக்கர் தன் விதிகளை அதைத் தாண்டியே எழுதிக்கொள்கிறது. இதோடு வேர் டோக்கனின் பெயரையே ‘ரூட்’ என்று வைக்கச் சொல்லும் பாடங்களும் உலவுகின்றன. இரண்டையும் சேர்த்து விடுதியின் பொது வைஃபையில் இயக்கும் மாணவர், அதே வலையில் உள்ள எல்லோருக்கும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போர்ட்டின் முன்னால், அந்தக் கணினியை மட்டுமே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது. பக்கத்தில் நீங்கள் செய்யும் மாற்றங்களில் ஒன்றே ஒன்று ஏற்கப்படும் என்ற நிலை வந்தால், இதை அனுப்புங்கள் என்பேன்.

முடிவில் துப்புரவுப் படி ஒன்றும் வேண்டும். டெவ் சர்வர் தொடங்கும்போது வேர் டோக்கன் பயனரின் முகப்பு அடைவில் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. சர்வர் நின்ற பிறகும் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும். ஆய்வகக் கணினியில் அடுத்த வகுப்பு மாணவர் வந்து அதே கணக்கில் அமர்வார் என்பதை நினைவில் வைத்து, கோப்பை அழிக்கும் கட்டளையையும் எழுதுங்கள்.

நிறுவனங்களுக்காக எழுதும்போது ஒரு வரியில் சட்டத்தையும் சொல்லலாம். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதற்குமேல் அச்சுறுத்த வேண்டியதில்லை.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் யுபிஎஸ் எத்தனை நேரம் தாங்கும்? சர்வர் நின்று மீண்டும் எழும்போது என்ன நடக்கும் என்பதைக் குயிக்ஸ்டார்ட் பக்கங்கள் சொல்வது குறைவு. டெவ் மோடில் எல்லாமே காலி, டோக்கன்கூடப் புதிது. நிலையான சேமிப்பகத்தோடு முறையாக நிறுவியிருந்தாலோ தரவு அப்படியே இருக்கும், ஆனால் சர்வர் பூட்டிய நிலையில் எழும். நிறுவும்போது இயல்பாக ஐந்து சாவித் துண்டுகள் உருவாகின்றன. அவற்றுள் எவையேனும் மூன்றைச் செலுத்தினால்தான் பூட்டுத் திறக்கும். ஆடி ஷமீர் 1979 இல் வெளியிட்ட ரகசியப் பகிர்வு முறைதான் இதன் அடிப்படை. இதை அறியாத கடைக்காரர், மதியம் பில் போடும் செயலி பிழை காட்டும்போது தரவு தொலைந்துவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவத் துணிவார். அப்போதுதான் உண்மையில் தொலையும்.

எனவே குயிக்ஸ்டார்ட்டின் கடைசிப் படியாக, சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் தொடங்கச் சொல்லி, நிலையைக் காட்டும் கட்டளையை இடவைத்து, என்ன தெரிகிறது என்று பார்க்கச் செய்யுங்கள். அதன் பின் “முறையான நிறுவலில் இந்த இடத்தில் மூன்று சாவித் துண்டுகள் கேட்கப்படும், அவை மூன்று வேறு நபர்களிடம் இருக்க வேண்டும்” என்று எழுதி, அடுத்த பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். முதலாளி, கணக்கர், கணினிக்காரர் என்று துண்டுகளைப் பிரித்துக்கொள்ளும் கடைக்கும் இது புரியும்.

மாற்றத்தை அனுப்புதல்

திருத்தங்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், பராமரிப்பவர் அதைத் தள்ளிப்போடவே செய்வார். டெர்மினல் குறித்த திருத்தம் ஒன்று, பவர்ஷெல் கட்டளை ஒன்று, டாக்கர் முகவரி ஒன்று எனத் தனித்தனிப் புல் ரிக்வெஸ்ட்டுகளாக (மாற்றத்தை ஏற்கக் கோரும் வேண்டுகோள்களாக) அனுப்புங்கள். ஒவ்வொன்றின் விளக்கத்திலும், எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளைக்கு எந்தப் பிழை வந்தது என்பதை நகலெடுத்து ஒட்டுங்கள்; “புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது” என்ற வாதத்தைவிட அந்த ஒட்டிய பிழைக்கு மதிப்பு அதிகம். ஓப்பன்பாவ் போன்ற திட்டங்களில், பங்களிப்பு உங்களுடையதே என்று உறுதிகூறும் கையொப்ப வரி ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும்) இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தானியங்கிச் சோதனையே திருப்பி அனுப்பிவிடும், மனிதர் எவரும் பார்ப்பதற்கு முன்பே.

இன்னொன்றையும் முடிந்தால் சேர்த்து அனுப்புங்கள்: பக்கத்திலுள்ள கட்டளைகளை வரிசையாக எடுத்து ஒரு வெற்றுக் கணினியில் ஓட்டி, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட். ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் அது தானாக ஓடும்படி அமைத்துவிட்டால், கட்டளையின் பெயர் மாறிய அன்றே பக்கம் உடைந்தது தெரிந்துவிடும். ஸ்கிரிப்ட் பிடிக்காததைப் பிடிக்க, பெரிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம் மறுபடியும் ஒரு புதியவரை உட்கார வைக்க வேண்டும். சென்ற முறை உட்கார்ந்தவர் இதற்கு உதவமாட்டார், அவருக்கு வழி தெரிந்துவிட்டது.